எட்டாவது கட்டம் காலியாக இருக்கிறது, பெரியப்பா

ஒன்பதாவது குடில், மேல் படுக்கை.
வெள்ளிக்கிழமை இரவு. மணி தெரியவில்லை, கடிகாரம் அப்பாவின் கையில் தூங்குகிறது.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் என்றும் உரிய பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் முதலில் நம் நலத்தைச் சொல்ல வேண்டும், பிறகு அவர்கள் நலத்தைக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று எங்கள் வகுப்பு மிஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆகவே நாங்கள் நலம். அப்பாவின் இடது கால் பெருவிரல் நகம் மட்டும் நலமில்லை, அது ஐந்தாவது குடிலிலேயே கழன்றுவிட்டது. அதை அம்மா ஒரு தீப்பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "வீட்டுல சண்டை வரும்போது எடுத்துக் காட்டுறதுக்கு" என்கிறார். நீங்களும் பெரியம்மாவும் நலமா? உங்கள் வீட்டு ஹாலில் வாசலைப் பார்த்தபடி மாட்டியிருக்கும் சான்றிதழ் நலமா? அதைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் வரும். முழுவதும் படித்த பிறகு, இதைப் பெரியம்மாவுக்குக் காட்டலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதை ரகசியமாக எழுதுகிறேன். ஸ்லீப்பிங் பேக்குக்குள் தலையோடு புகுந்துகொண்டு, டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். சில இடங்களில் மை கலைந்திருக்கும்; அது கண்ணீர் இல்லை, எச்சில். மன்னிக்கவும். கீழ்ப் படுக்கையில் அப்பா, எதிர்ப் படுக்கையில் அம்மா. நான் பக்கம் திருப்பும்போதெல்லாம் அப்பாவின் குறட்டை நிற்கிறது, உடனே என் மூச்சும் நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் சேர்ந்து மறுபடி ஓடத் தொடங்குகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு ரொட்டி வண்டிக்காரர் இங்கிருந்து கீழே இறங்குகிறார். பின்பக்கச் சாலை வழியாக அவருக்கு உங்கள் ஊர் நாற்பது நிமிடம். எங்களுக்கு அதே ஊர் பதினான்கு கிலோமீட்டர். கடிதத்தை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் பேக்கரிக்குப் போவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நாளை மதியம் நெடும்பாதை முடியும் வாசலில் கேமராவோடு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா, அதற்குள் நீங்கள் இதைப் படித்தாக வேண்டும். என் உயிர் அதில்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். நடைப் புத்தகத்தில் எட்டாவது கட்டம் காலியாக இருக்கிறது.

நடைப் புத்தகம் உங்களுக்குத் தெரியாததல்ல. நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஒன்பது குடில்கள், ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு குடிலிலும் மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் முத்திரையை எடுத்துக் கட்டத்தில் குத்த வேண்டும். ஒன்பதும் இருந்தால்தான் முடிவு வாசலில் இருக்கும் பெண்மணி பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருவார். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். அதைப் பாதுகாக்கும் வேலை என்னுடையது. முதல் நாள் அப்பா அதை என் கையில் கொடுத்தபோது, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, துண்டில் சுற்றி, ராத்திரி தலைக்கடியில் வைத்துத்தான் தூங்கினேன். முத்திரை ஒரு பக்கமும் சாயாமல் கட்டத்துக்கு நட்டநடுவில் விழ வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு காகிதத்தில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தில் குத்தினேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பொறுப்பில்லாதவள் அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் எல்லாரும் சந்தோஷமாக இருந்துவிட்டோம். தப்பு அங்கேதான் நடந்தது.

அப்பா எதற்காக இந்த நடையைத் தொடங்கினார் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. போன வருடம் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் கரண்டியால் சான்றிதழைக் காட்டி, "பத்து நாள் பாதை, அஞ்சே நாள்ல முடிச்சேன். முடிச்சவனுக்குத்தான்டா அதோட அருமை தெரியும். நீ வாழ்க்கையில எதைத்தான் முடிச்சிருக்க, சொல்லு?" என்று அப்பாவைக் கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும், நீலம் பாதி, வெள்ளை பாதியாக மூன்று வருடமாக நிற்கும் எங்கள் சமையலறைச் சுவரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு கதவு போடாத அலமாரியைப் பார்த்தார். அதற்குள் இரண்டு கம்பி இல்லாத கிடார் இருந்தது, அதையும் பார்த்தார். மறுநாள் மூன்று பேருக்கும் பூட்ஸ் வாங்கி வந்தார்.

அம்மா மாட்டேன் என்றார். அம்மாவுக்கு வேலை எக்ஸ்ரே அறையில். "தினம் அம்பது முட்டிய படம் புடிக்கிறேன். நல்ல முட்டி எதுன்னு எனக்குத் தெரியும். உங்களுது இல்ல" என்றார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுவதும் மனிதர்கள் நடக்காமல் இருப்பதற்காக உழைத்த ஒருவர் நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர் நடக்கப் புறப்படுவதில் ஏதோ இடிக்கிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர், "லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சுன்னு வை. உள்ள ஃபேன் ஓடுது, கண்ணாடி இருக்கு, பாட்டு கேக்குது. ஆனா வந்து சேர்ந்ததா அர்த்தமா? சேர்றதுதான் பாப்பா வேலை" என்றார். நான் போய் என் பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் டீக்கடையிலிருந்து நடக்கத் தொடங்கி மூன்று கிலோமீட்டர் வந்த பிறகு, தொடக்கக் கல் டீக்கடைக்கு இருபது அடி பின்னால் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அப்பா எங்கள் இருவரையும் திருப்பிக் கூட்டிப்போய் அந்தக் கல்லைத் தொட வைத்தார். அம்மா காலால் தொட்டார். நாலாவது நாள் பாதையின் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது, சுற்றிப் போக வழி வெட்டி வைத்திருந்தார்கள், எல்லாரும் சுற்றித்தான் போனார்கள், அப்பா மட்டும் "அப்ப மரத்துக்குக் கீழ இருக்கிற பாதைய யாரு நடக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பையைக் கழற்றி எறிந்துவிட்டு, அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் வந்தார். தலை பூரா எறும்பு. அவர் இடுப்பில் அடி எண்ணும் கருவி ஒன்று கட்டியிருந்தது, அதை மணிக்கு ஒரு முறை சத்தமாகப் படிப்பார். ஏற்றங்களில் அம்மா எங்களுக்குப் பின்னால் நின்று, வேலைப் பழக்கத்தில், "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க. இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதைக் கேட்டு முன்பின் தெரியாத நாலு பேர் பாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்கு நேர் எதிராக இன்னொருவரும் எங்களோடு வந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர், நாலாவது முறையாக வருகிறாராம், ஒரு முறையும் முடித்ததில்லை. முதுகில் மடக்கு நாற்காலி. நூறு அடிக்கு ஒரு தரம் அதை விரித்துப் போட்டு உட்கார்ந்து, "முடிக்கிறதா முக்கியம்? ரசிக்கணும் பாப்பா! வாயத் திற... சாரி, கண்ணத் திற. நல்லாப் பெருசா. ரசி!" என்பார். நான் முதலில் இவர்தான் சரி என்று நினைத்தேன். ஐந்தாவது நாள் விடியலை ரசிக்க வேண்டும் என்று நாலரை மணிக்கு எங்களை எழுப்பி ஒரு பாறைமேல் நிறுத்தினார். ஒன்றரை மணி நேரம் பற்கள் தந்தியடிக்க நின்றோம். மேகம் மட்டும் வந்தது. "மேகத்தை ரசிங்க!" என்றார். அம்மா, "ஐயா, வலிக்காம ரசிக்கிறதுக்கு ஊசி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆறாவது குடிலில் அவருடைய நாற்காலியின் கால் உடைந்தது. "உக்காராம எப்படிங்க ரசிக்கிறது?" என்று சொல்லிவிட்டு ரொட்டி வண்டியில் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. முடிக்கச் சொல்லித் துரத்துகிறவரிடமிருந்து ஓடலாம். ரசிக்கச் சொல்லித் துரத்துகிறவரிடமிருந்து ஓடக்கூட முடியாது, அதையும் ரசித்துக்கொண்டே ஓடு என்பார்.

இப்போது நேற்றைய கதை. ஏழாவது குடிலுக்கும் எட்டாவது குடிலுக்கும் நடுவில் பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு குளம் இருக்கிறது. வழிகாட்டும் பலகை கூட இல்லை. அம்மா திடீரென்று பையை இறக்கி வைத்துவிட்டு, "நான் இறங்கப் போறேன். வேணும்னா நீங்க போய் முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி, பூட்ஸோடு தண்ணீருக்குள் நடந்தார். அப்பா கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, அப்படியே குதித்துவிட்டார். இடுப்பில் இருந்த கருவியும் சேர்ந்து குதித்தது. ஒரு லட்சத்துத் தொண்ணூற்று ஓராயிரத்து இருநூற்று நாலு அடியில் அது செத்துப்போனது. (இந்த எண் எனக்கு எதற்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.) அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, காதில் வைத்து ஆட்டிப் பார்த்து, பிறகு வெடித்துச் சிரித்தார். அவர் மல்லாந்து மிதந்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தொப்பை மட்டும் தனித் தீவு மாதிரி தெரிந்தது. அம்மா அந்தத் தீவின்மேல் ஒரு பிஸ்கட்டை வைத்தார். அது மூழ்காமல் குளத்தைச் சுற்றி வந்தது.

எட்டாவது குடிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. முத்திரை இருக்கும் அறையைப் பூட்டிவிட்டார்கள், காலையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் அம்மா பிஸ்கட் கதையை மறுபடி சொல்ல, அப்பா தீவு மாதிரி நடித்துக் காட்ட, நாங்கள் சிரித்துக்கொண்டே பையை மாட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டிப் பத்தொன்பது கிலோமீட்டர் வந்துவிட்டோம். இன்று சாயங்காலம் இங்கே ஒன்பதாவது முத்திரையைக் கட்டத்தின் நட்டநடுவில் குத்தி, ஊதிக் காயவைத்து, நிமிர்ந்து பார்த்தால் பக்கத்துக் கட்டம் வெள்ளையாக இருக்கிறது. பெரியப்பா, முன் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது அது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது.

விதிப் பக்கத்தில் பதினான்காவது விதி: முத்திரை விடுபட்டால், விடுபட்ட குடிலுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி நடந்து வர வேண்டும். முத்திரையில் தேதி போடும் வழக்கம் இப்போது வந்துவிட்டதால் ஏமாற்றவும் முடியாது. இருபது அடிக்காக மூன்று கிலோமீட்டர் திருப்பிக் கூட்டிப்போனவர், ஒரு கட்டத்துக்காகப் பத்தொன்பது கிலோமீட்டர் கூட்டிப்போக மாட்டாரா? பெருவிரல் நகம் இல்லாமல், இன்று இறங்கி வந்த எண்ணூறு படியை மறுபடி ஏறி? அம்மா இந்த முறை காலால் தொடுவது கல்லை இல்லை, அப்பாவை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வேறு திறக்கிறது. இதை விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அப்பா திரும்பிப் போகாமல், ஒன்றும் சொல்லாமல், அந்தச் சமையலறைச் சுவரைப் பார்த்த மாதிரி இந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டால்? அதுவும் நாளைக்கு உங்கள் முன்னால்? நீங்கள் "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டால்? அதை நினைத்துத்தான் டார்ச்சை எடுத்தேன்.

ஆகவே தயவுசெய்து நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். வாசலில் அப்பா புத்தகத்தை அந்தப் பூதக்கண்ணாடிப் பெண்மணியிடம் நீட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்து, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி, "முடிக்கிறதெல்லாம் ஒரு பெருமையாடா தம்பி? நடந்தியே, சந்தோஷமா இருந்தியே, அதான்டா பெருசு" என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அவர் நம்புவார். நீங்கள் முடித்தவர் ஆயிற்றே. அப்படியும் அவர் புத்தகத்தை நீட்டினால், உங்கள் ஃபிளாஸ்கில் இருக்கும் டீ கை தவறி அந்தப் பக்கத்தில் கொட்டிவிட வேண்டும். சர்க்கரை போடாத டீயாக இருந்தால் எறும்பு வராது.

இதைச் செய்ய உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். அதனால் மட்டும்தான் அடுத்த விஷயத்தைச் சொல்கிறேன். எனக்குப் பழைய பதிவேடுகளைப் படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு குடிலிலும் வந்து போனவர்கள் எழுதிய நோட்டுகளை அலமாரியில் வருடவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பதினோரு வருடத்துக்கு முந்தைய நோட்டில் உங்கள் கையெழுத்தைத் தேடிப் பார்த்தேன், பெருமையாகத்தான் தேடினேன். மூன்றாவது குடிலில் எழுதியிருக்கிறீர்கள்: "பாதை மிகவும் செங்குத்து. முட்டி வலி. நிர்வாகம் கவனிக்கவும்." மறுநாள் தேதியில் நாலாவது குடில்: "காற்று அருமை." அதே தேதியில் ஐந்தாவது குடில்: "சூப்பில் உப்பு குறைவு." அதே தேதியில் ஆறு, ஏழு, எட்டு. அதே தேதியில் இந்த ஒன்பதாவது குடிலில்: "நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது." மூன்றிலிருந்து ஒன்பதுக்கு நூற்று ஒன்பது கிலோமீட்டர், பெரியப்பா. ஒரே நாளில். நடுவில் ஆறு இடத்தில் சூப் வேறு. எனக்குக் கணக்கு சுமார்தான், அதனால் ரொட்டி வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"யாரு, அந்த மீசைக்கார ஐயாவா?" என்றார் அவர். "மறக்க முடியுமா! முன் சீட்ல உக்காந்து வழி பூரா பாட்டு. வளைவுக்கு வளைவு வண்டிய நிறுத்தச் சொல்லி, எறங்கி நின்னு, ஆஹா ஆஹாங்கிறாரு. பதினெட்டு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேன். இந்த மலை அழகா இருக்குன்னு அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மறுநாள் வாசலுக்கு முந்தின வளைவுல எறக்கி விட்டேன், அங்கேருந்து நொண்டிக்கிட்டே போனாரு பாருங்க, அடடா!"

இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு மிரட்டத் தெரியாது, பயப்பட மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் சத்தியமாகச் சொல்லவில்லை. நீங்கள் நாளை டீயைக் கொட்டினால் இனிமேலும் சொல்ல மாட்டேன். கொட்டாவிட்டாலும் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எனக்குத் தூக்கத்தில் பேசும் வழக்கம் இருப்பதாக அம்மா சொல்வார். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், நீங்கள் முடிக்கவில்லை, ஆனால் ரசித்திருக்கிறீர்கள். ஹாலில் சான்றிதழுக்குப் பதில் அந்த ரசிப்பை மாட்டியிருந்தால், நாங்கள் மூவரும் இந்த விடுமுறையில் வீட்டில் படுத்துக் கிடந்திருப்போம்.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். உங்கள் முட்டிக்கு அம்மாவின் விசாரிப்பு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நல்ல உடம்போடு இருந்து, என்னையும் நாளை மதியம் வரையாவது இருக்கும்படி வாழ்த்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டார்ச்சைக் கடித்த பல்லோடு,
தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் டார்ச் வாயிலிருந்து நழுவிக் கீழே அப்பாவின் வயிற்றில் விழுந்துவிட்டது. அவர் குறட்டை நடிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. "எட்டாவது கட்டம்தானே?" என்றார். நான் நோட்டை வயிற்றுக்கடியில் ஒளித்தேன். "காலைல கேட்டத் தாண்டும்போதே ஞாபகம் வந்துடுச்சு பாப்பா. நான்தான் சொல்லல" என்றார்.

"ஏன்ப்பா?"

"உங்கம்மா முன்னாடி பாடிக்கிட்டே போயிட்டிருந்தா. ஒம்பது நாள்ல மொதத் தடவ. திரும்பலாம்னு சொல்லியிருந்தா பாட்டு நின்னுருக்கும்." டார்ச்சை அணைத்தார். "சீல் குத்துன எட்டு நாள்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா எனக்குக் கால் வலிதான் ஞாபகம் வருது. குத்தாத நாள்தான் முழுசா ஞாபகம் இருக்கு. நடுவுல நின்னுபோன லிஃப்ட்லேருந்து எத்தனையோ பேர வெளிய எடுத்திருக்கேன். சரியா வந்து சேர்றவங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்காமப் போயிடுவாங்க. மாட்டிக்கிட்டவங்கதான் வெளிய வரும்போது சிநேகமா வருவாங்க. அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும் விடு. நாளைக்கு அப்படியே இறங்கிடலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பெரியப்பா கேலி பண்ணுவாரேப்பா" என்றேன்.

"அவரா?" என்று அப்பா இருட்டில் சிரித்தார். "அன்னைக்கு வாசல்லேருந்து அவரைக் கூட்டிட்டு வந்தது நான்தான். அஞ்சு நாள் நடந்த மனுஷன்மேல ரொட்டி வாசனை. முதுகு பூரா மாவு. ஆனா அப்படி ஒரு சந்தோஷமான முகத்த அவர்கிட்ட நான் பார்த்ததே இல்ல. கேட்டா அது போயிடுமேன்னு கேக்கல."

"தெரிஞ்சும் ஏன்ப்பா நடந்தோம்?"

"அவரும் முடிக்கல. நம்ம குடும்பத்துல ஒருத்தராவது முடிக்கட்டுமேன்னுதான். பரவால்ல, போகட்டும்."

இங்கேதான், பெரியப்பா, எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. போகட்டும் என்று அவர் சொன்னதும் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். நான் எழுந்து உட்கார்ந்தேன், மேல்கூரையில் தலை இடித்தது. "எப்படிப்பா போகட்டும்? எட்டு இருக்கு, ஒன்னு இல்லன்னா என்ன அர்த்தம்? ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நின்னா வந்து சேர்ந்ததா ஆகுமா? நீங்கதானே சொன்னீங்க?" என்று கத்தினேன். அம்மா விழித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? நாளைக்கு ஒரு நாள் இங்கேயே காலை நீட்டிப் படுப்போம். ரொட்டிக்காரர்கிட்ட புத்தகத்தக் குடுத்தா குத்திக் கொண்டாந்துடுவாரு" என்றார். "அது பெரியப்பா முத்திரை! எனக்கு வேண்டாம்!" என்றேன். மன்னிக்கவும், ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கும் இப்போது எல்லாம் தெரியும், ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு டார்ச்சை என் முகத்தில் அடித்து உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க, எக்ஸ்ரே எடுக்கவே வேணாம். அப்படியே உங்க எலும்பு" என்றார். போகிற வழியில் குளத்தில் ஒரு மணி நேரம் இறங்கினால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டார். குளம் எட்டாவது குடிலைத் தாண்டி இருக்கிறது, கூடுதலாக நாலு கிலோமீட்டர். நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒரு மணி நேரம்தான், கடிகாரம் என் கையில் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார். தீப்பெட்டியை வாங்கி நகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, பூட்ஸ் கயிறு கட்டப் போனார்.

ஆகவே நாளை வாசலில் காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமைதான் வருவோம். எங்கள் வகுப்பு மிஸ்ஸுக்கு ஃபோன் செய்து எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். நம்பும்படி சொல்ல உங்களுக்கு வரும். டீயை நீங்களே குடித்துவிடுங்கள். இன்னொன்று. ரொட்டி வண்டி தினமும் காலையில் மூன்றாவது குடில் வழியாகத்தான் போகிறதாம், முன் சீட் காலியாகத்தான் இருக்குமாம், உங்களை அவர் ரொம்ப விசாரித்தார். பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி வாருங்கள், பெரியப்பா. இந்த முறை மூன்றாவது குடிலிலேயே இறங்கிவிடுங்கள். அந்த நூற்று ஒன்பது கிலோமீட்டரும் அங்கேயேதான் இருக்கிறது, நான் நடந்து பார்த்துவிட்டேன்.